ஒசிதலும் சாய்தலும்: காவிரிக் கரையின் செப்புத் திருமேனிகள் நிற்கும் விதம்

தஞ்சாவூர் அரண்மனை வளாகத்துக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர் நிற்கிறார். ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும் உயரம். சடையைப் பாம்புகளோடு சேர்த்துத் தலைப்பாகைபோல் சுற்றி முடிந்திருக்கிறார்கள். வலக்கை முழங்கையில் மடங்கி, ஏதோ ஒன்றின்மேல் இளைப்பாறுவதுபோல் காற்றில் தங்கியிருக்கிறது. அங்கே இருந்திருக்க வேண்டியது காளை. அது இன்று இல்லை. முதலாம் இராஜராஜனின் ஆட்சியில் 1011-ஆம் ஆண்டு இறைவனின் திருமேனியும், அதற்கு அடுத்த ஆண்டு தேவியின் திருமேனியும் எழுந்தருளுவிக்கப்பட்டதைத் திருவெண்காட்டுக் கல்வெட்டுகள் சொல்கின்றன. பின்னர் மண்ணுக்குள் புதைந்து, 1950-களின் தொடக்கத்தில் இவை மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன.

இந்தத் திருமேனியின் முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் எழுகிறது. சுவரில் சாய்ந்து நிற்பவரிடமிருந்து சுவரை எடுத்துவிட்டால் அவர் விழுந்துவிடுவார். ஆனால் காளையை இழந்த இந்தச் சிவன் விழப்போகிறார் என்று பார்ப்பவர் ஒருவருக்கும் தோன்றுவதில்லை. காரணம், அவர் காளையின்மேல் சாயவே இல்லை. உடலின் பாரம் முழுவதும் அவருடைய காலிலேயே இறங்கிவிட்டது. கை மட்டும் காளையின் முதுகில் ஓய்வெடுத்தது. சாய்தல் என்பதற்கும் ஒசிதல் என்பதற்கும் தமிழில் உள்ள வேறுபாடு இதுதான். சாய்ந்தது பிறிதொன்றைத் தாங்கலாகக் கொண்டு நிற்கும். ஒசிந்தது வளைந்தாலும் தன் வேரிலேயே நிற்கும். சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் நெளிவை அழகுக்காகப் பின்னால் சேர்த்த ஒய்யாரம் என்று பலர் நினைக்கிறார்கள். பாரம் எங்கே இறங்குகிறது என்று கவனித்துப் பார்த்தால், அந்த நெளிவு உறுதியாக நிற்பதற்கான வழியாகவே பிறந்தது என்பது புலப்படும்.

இதை அறியச் சிற்ப நூல் எதுவும் தேவையில்லை. படித்துறையிலிருந்து நிறைகுடத்தோடு ஏறிவரும் பெண்ணையோ, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் பேசிக்கொண்டிருக்கும் தாயையோ பார்த்தாலே போதும். பாரம் ஒரு காலுக்கு மாறியவுடன் இடுப்பு அந்தப் பக்கமாக வெளியே தள்ளிக்கொண்டு மேலேறுகிறது. மறுகாலின் வேலை குறைவதால் அந்த முழங்கால் தளர்ந்து முன்னால் மடங்குகிறது. அந்தப் பக்கத்து இடுப்பும் இறங்குகிறது. இடுப்பு ஒரு புறம் போய்விட்டதால், உடல் கவிழாதிருக்க மார்பு மறுபுறம் சாய்கிறது. பாரம் தாங்கும் கால் இருக்கும் பக்கத்திலேயே தோள் தாழ்ந்து, மறுதோள் உயர்கிறது. கழுத்தும் தலையும் மீண்டும் இடுப்பின் பக்கமாகத் திரும்பி, கண்களைச் சமன் செய்துகொள்கின்றன. ஆக, கீழே ஏற்பட்ட ஒவ்வொரு வளைவுக்கும் அதற்கு மேலுள்ள வளைவு ஈடுகொடுக்கிறது. மூன்று வளைவுகளில் ஒன்றை மட்டும் செதுக்கி மற்ற இரண்டையும் விட்டுவிட்டால் உருவம் விழுவதுபோலத் தோன்றும். மூன்றும் சேர்ந்தால்தான் அது நிற்கும்.

மனித உடலின் இந்த உண்மையைக் கிரேக்கர்கள் தங்கள் வழியில் கண்டடைந்தார்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் அவர்கள் செதுக்கிய இளைஞர் சிலைகளில் இடக்கால் முன்னால் இருந்தாலும் இரு பாதங்களும் தரையில் படிந்திருக்கும். பாரம் இரண்டு கால்களிலும் சமமாக இருக்கும். தோளும் இடுப்பும் நேர்க்கோட்டில் இருக்கும். நடக்கத் தொடங்கியவர்போல் வைத்திருந்தும் அவர் நடக்கவில்லை. கி.மு. 480-ஐ ஒட்டிச் செய்யப்பட்டதாகக் கருதப்படும் கிரிட்டியோஸ் சிறுவன் என்ற பளிங்குச் சிலை ஏதென்ஸின் அக்ரோபோலிஸில் கிடைத்தது. அதில் முதன்முறையாக, பாரம் இடக்காலுக்கு மாறி, வலமுழங்கால் தளர்ந்து, இடுப்பு ஒரு பக்கம் ஏறியிருப்பதைக் காண்கிறோம். அதன் உயரமும் ஏறக்குறைய நம் ரிஷபவாகனரின் உயரமே. மாற்றம் மிகச் சிறியது. விரல் அகலம் இடுப்பு உயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்குச் சுமார் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கிரேக்கச் சிற்பி பாலிக்ளீடஸ் ஈட்டி ஏந்திய வீரனின் வெண்கலச் சிலையில் இதை ஒரு முறையாகவே வகுத்தார்: பாரம் தாங்கும் வலக்காலுக்கு எதிரே ஈட்டியைப் பிடித்த இடக்கை, தளர்ந்த இடக்காலுக்கு எதிரே தொங்கும் வலக்கை. வேலை செய்யும் உறுப்பும் ஓய்வெடுக்கும் உறுப்பும் குறுக்கு மறுக்காக ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. பிற்காலத்தில் இத்தாலியர்கள் இந்த நிலைக்குக் கான்ட்ராபோஸ்டோ என்று பெயரிட்டார்கள். எதிர்நிறை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த வீரனின் வெண்கல மூலம் அழிந்துவிட்டது. நமக்குக் கிடைத்திருப்பவை ரோமானியர் காலத்துப் பளிங்குப் படிகள். அவற்றில் காலுக்குப் பின்னால் ஒரு மரத்தடியும் செதுக்கப்பட்டிருக்கும். வீரனுக்கும் அந்த மரத்துக்கும் கதையில் தொடர்பு ஏதுமில்லை. கல்லுக்கு அது தேவைப்பட்டது. உடலின் பாரத்தை ஒரு காலின் கணுவில் கொண்டுபோய் இறக்கினால், வெண்கலம் தாங்கும், பளிங்கு முறியும். 1501 முதல் 1504 வரை மைக்கேலாஞ்சலோ செதுக்கிய, ஐந்து மீட்டருக்கும் உயர்ந்த தாவீதின் வலக்காலுக்குப் பின்னாலும் அப்படியொரு மரக்கட்டை உண்டு. ஒரு காலில் பாரம் தாங்கித் தனியே நிற்கும் உருவத்துக்கு உலோகமே இயல்பான பொருள் என்பதை இந்த மரக்கட்டைகள் காட்டுகின்றன. நம் ஆற்றங்கரைச் சிற்பிகளும் இதை வேறொரு வகையில் அறிந்திருந்தார்கள்.

கும்பகோணம் நாகேசுவரன் கோயில் கருவறையின் புறச்சுவர்களில், ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய காலத்தைச் சேர்ந்த ஆண், பெண் உருவங்கள் ஆளுயரத்துக்குச் சற்றே குறைவாக நிற்கின்றன. சோழர் கற்சிற்பங்களில் மிக அழகியவை எவை என்று என்னைக் கேட்டால் நான் தயங்காமல் இவற்றையே சொல்வேன். அந்தப் பெண்களின் இடுப்பு ஒசிந்திருக்கும் அளவு மிகக் குறைவு. மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் அது முழுமையாகத் தெரியும். கோட்டம் எனப்படும் சுவர்மாடத்தின் இருளிலிருந்து ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தவர்கள்போல் அவர்கள் தோன்றினாலும், முதுகு சுவரோடு ஒட்டியே இருக்கிறது. கணுக்கால் முறியாமல் காப்பது அந்தச் சுவர்தான். ரோமானியப் பளிங்குக்கு மரக்கட்டை செய்த வேலையை இங்கே கோயிற்சுவர் செய்கிறது. சுவரை விட்டு வெளியே வந்து, நான்கு பக்கமும் காற்று சூழ, ஒரு காலின்மேல் உருவம் நிற்பதென்றால் அதற்குச் செம்பு வேண்டியிருந்தது.

வளைவின் அளவைக் கொண்டு நம் சிற்ப மரபு நிற்கும் நிலைகளைப் பிரிக்கிறது. சமபங்கத்தில் உடல் நேராக நிற்கும். உச்சியிலிருந்து விட்ட நூல் புருவ மத்தி, மூக்கு நுனி, தொண்டைக்குழி, கொப்பூழ் வழியாக இறங்கி இரண்டு குதிகால்களுக்கும் நடுவே விழும். ஆபங்கத்தில் உடல் சிறிதே வளைந்து, நூல் கொப்பூழை விட்டு விலகி, பாரம் தாங்கும் காலின் குதிகாலை நோக்கிப் போகும். திரிபங்கத்தில் கால்களும் இடுப்பும் ஒரு புறம், மார்பு மறுபுறம், தலை மீண்டும் முதற்புறம் என்று மூன்று திசை மாறும். அதிபங்கம் இவற்றைக் கடந்த வேகம். ஆடலுக்கும் போருக்கும் உரியது. நடுநூலைப் பிரம்ம சூத்திரம் என்பார்கள். உடல் எவ்வளவு நெளிந்தாலும் அந்த நூல் நெளிவதில்லை. சிற்பி வளைவைத் தன் விருப்பப்படி இழுத்துக்கொண்டு போவதில்லை. நேரான ஒரு நூலிலிருந்து உறுப்புகள் ஒவ்வொன்றும் எத்தனை விரற்கடை விலக வேண்டும் என்று கணக்கிட்டே வளைக்கிறான்.

உறுப்பளவுக்கும் கணக்கு உண்டு. முதன்மைத் தெய்வங்களுக்கு உத்தம தசதாலம் என்னும் 124 அங்குலப் பகுப்பு. தேவியருக்கு மத்திம தசதாலம் என்னும் 120 அங்குலப் பகுப்பு. இங்கே அங்குலம் என்பது அளவுகோலின் அங்குலம் இல்லை. அந்தந்த உருவத்தின் உயரத்தைப் பகுத்து எடுத்துக்கொள்ளும் கூறு. உருவம் ஒசியும்போது மொத்த உயரம் குறைந்தாலும், தொடை, முழந்தாள், மார்பு ஆகியவற்றின் அளவுகள் குறையக்கூடாது. இதைக் கவனியாமல் வளைத்தால் குட்டையான கால்களோடு கூனிய உருவம்தான் கிடைக்கும்.

கும்பகோணத்துக்கு மேற்கே சுவாமிமலையில் இந்த மரபு இன்றும் தொழிலாக நடக்கிறது. அவ்வூர் செப்புத் திருமேனிகளுக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தென்னை ஓலைக் கீற்று ஒன்றை உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி, அதை மடித்து மடித்துத் தாலக் கணக்கின்படி அடையாளம் இட்டுக்கொள்கிறார்கள்; அந்த ஓலைதான் அளவுகோல். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவத்தைப் பிடிக்கிறார்கள். தலை, உடல், கை, கால் தனித்தனியாக உருவாகி, சூடாக்கிய கருவியால் உருக்கி ஒட்டப்படுகின்றன. இந்தக் கட்டத்தில் ஒரு ஸ்தபதியின் கைகளை அருகிலிருந்து பார்ப்பது பெரும் பேறு. வெதுவெதுப்பில் இளகிய மெழுகு இடுப்பை இரு கட்டைவிரல்களுக்கும் இடையில் வைத்து மெல்ல ஒரு புறம் தள்ளுகிறார். உடனே தோளைப் பிடித்து மறுபுறம் இழுக்கிறார். பிறகு உருவத்தைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஓலையை நடுவில் தொங்கவிட்டுப் பார்க்கிறார். நெற்றிப்பொட்டிலிருந்து குதிகால் வரை அவர் பார்வை ஒருமுறை இறங்குகிறது. சரியில்லையென்றால் மீண்டும் அதே தள்ளல், அதே இழுப்பு. உளியால் ஒருமுறை செதுக்கிய கல்லில் இந்தத் திருத்தத்துக்கு இடமில்லை. மெழுகு பொறுத்துக்கொள்கிறது. சோழர் செப்புத் திருமேனிகளில் காணும் அந்த வழுக்கும் வளைவுகளுக்குச் சிற்பியின் கற்பனையோடு மெழுகின் இளக்கமும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

மெழுகின்மேல் முதலில் பூசுவது காவிரியின் நுண்ணிய வண்டல் மண். நகத்தின் கோடும் மாலையின் நெளிவும் அப்படியே மண்ணில் பதிய வேண்டுமென்றால் அந்த நொய்மை வேண்டும். நிழலில் உலர்ந்தபின் பருமண் பூச்சுகள், கம்பிக் கட்டு, பிறகு தீ. மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகக் குழம்பு இறங்குகிறது. அச்சை உடைத்துத்தான் உருவத்தை எடுக்க முடியும் என்பதால் ஒவ்வொரு திருமேனியும் ஒரே ஒருமுறை பிறப்பது. வழிபாட்டுக்குரியவை உள்ளே பொள்ளலில்லாத கன வார்ப்பு. அதனால் எடை மிகுதி. அந்த எடை முழுவதும் பத்ம பீடத்தின் வட்டத்துக்குள் இறங்கியாக வேண்டும். வளைவின் கணக்குப் பிழைத்தால் கண்ணுக்கு மட்டும் உறுத்தாது. திருமேனியே பீடத்தில் சரியாக நிற்காது.

எல்லாத் தெய்வங்களும் ஒசிந்து நிற்பதில்லை. தேவியை அணைக்காமல் நிற்கும் சந்திரசேகரர் சமபங்கத்தில் தூண்போல் நிற்பார். அருகில் உள்ள தேவிதான் வளைந்திருப்பாள். அவரே தேவியை அணைத்த கோலம் என்றால் அவர் உடலும் அவள் பக்கமாக இளகும். பெருமாள் நேராக நிற்க, வலப்புறம் ஸ்ரீதேவியும் இடப்புறம் பூதேவியும் எதிரெதிர்த் திசையில் ஒசிந்து நிற்பார்கள். பெருமாளை ஒட்டிய கை மலரைப் பிடிக்க, புறத்தே உள்ள கை தொங்கும். எனவே தேவியின் திருமேனி எங்கேனும் தனியே கிடைத்தால், மலர் பிடித்தது எந்தக் கை, தொங்குவது எந்தக் கை என்று பார்த்து அவள் யாருக்கு எந்தப் பக்கம் நின்றவள் என்று ஊகிக்கலாம். உமைக்கு வலக்கை மலருக்கு; இடக்கை தொங்கும். அந்தத் தொங்கும் கையைச் சிற்ப நூல்கள் பசுவின் வாலுக்கு ஒப்பிடுகின்றன. வயல் வரப்பில் நிற்கும் பசுவின் வால், அசைவு நின்ற கணத்தில், எப்படித் தன் எடையாலேயே நேராகி நுனியில் மட்டும் சிறிது வளைந்திருக்கும் என்று கண்டவர்களுக்கு அந்த ஒப்பீட்டின் கூர்மை தெரியும். உடலெல்லாம் வளைந்திருக்க, அந்தக் கை ஒன்றே பூமியின் ஈர்ப்புக்கு நேராக இறங்குகிறது. நூலைத் தொங்கவிடாமலே நூல் எங்கே விழும் என்று நமக்குக் காட்டும் கை அது. சோழ அரசி செம்பியன் மாதேவியின் உருவமாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதும் தேவித் திருமேனி ஒன்று வாஷிங்டன் ஃப்ரீர் கலைக்கூடத்தில் உள்ளது. அதில் இந்தக் கையின் நீளத்தையும் இடுப்பின் ஒசிவையும் சிற்பி துணிந்து மிகைப்படுத்தியிருக்கிறார், ஆனாலும் பாரத்தின் கணக்குத் தவறவில்லை.

ஆண் தெய்வங்களில் இந்த நிலைக்கு நம் பகுதியில் எல்லோரும் சுட்டிக் காட்டுவது வடுவூர்க் கோதண்டராமரை. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் வழியில், ஏரிக்கரையிலுள்ள இந்த ஊரின் உற்சவரைப் பார்க்கவே வெளியூர்களிலிருந்து மக்கள் வருகிறார்கள். வில்லைப் பிடித்த கை உயர்ந்திருக்க, இடை ஒசிந்து, முகத்தில் புன்னகையோடு அவர் நிற்கிறார். போர் வீரனுக்கு ஏன் இந்த நெளிவு என்று கேட்பவர்கள் உண்டு. வில்லைத் தரையில் ஊன்றிப் பிடித்திருப்பவரின் உடல் இயல்பாகவே ஒரு காலுக்குப் போய்விடும். அம்பு தொடுக்கும் வேளையல்ல அது, தொடுக்க வேண்டியதில்லை என்று ஆன வேளை. மன்னார்குடி இராஜகோபாலன் கையில் மாடு ஓட்டும் கோலான செண்டோடு இடையர் கோலத்தில் நிற்கும் நிலையும் இதே இனம்தான். மாடு மேய்ப்பவர்கள் நெடுநேரம் நிற்கும்போது காலை மாற்றி மாற்றி நிற்பதை அறிந்த ஊரின் கற்பனை அது.

ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. செப்புத் திருமேனிகளில் இவ்வளவு திரிபங்கத்தைப் படைத்த இதே தஞ்சை மண்ணில் வளர்ந்த பரதநாட்டியம் தன் அடிப்படை நிலையாக எடுத்துக்கொண்டது அரைமண்டியை. முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்து, பாரம் இரண்டு கால்களிலும் சமமாக இறங்கும் நிலை. திரிபங்கத்தைத் தன் இலக்கணத்தின் நடுவில் வைத்திருப்பது ஒடிசாவின் நடனமான ஒடிசி. ஆடுபவர் அடுத்த அடி எடுக்கத் தயாராக இருக்க வேண்டும். அதற்குச் சமமான கால்கள் வசதி. திருமேனியோ ஓரிடத்தில் நின்று தரிசனம் தர வேண்டியது.

கிரேக்க உருவத்துக்கும் நம் திருமேனிக்கும் உள்ள பெரிய வேறுபாட்டையும் இந்தத் தரிசனத்தோடு சேர்த்தே விளங்கிக்கொள்கிறேன். கிரேக்க வீரனின் தலை பக்கவாட்டில் திரும்பியிருக்கும். அவன் வேறெங்கோ பார்க்கிறான். பாரம் இறங்கிய தொடையில் தசை இறுகியிருப்பதையும், தளர்ந்த காலில் அது இளகியிருப்பதையும் சிற்பி ஒவ்வொன்றாகச் செதுக்கியிருப்பான். சோழச் சிற்பி தசையைக் காட்டுவதில்லை. தோலுக்குக் கீழே மூச்சு நிறைந்திருப்பதுபோல் மேற்பரப்பு வழுவழுப்பாக ஓடுகிறது. பாரம் எங்கே இறங்கியது என்பதை வெளிக்கோடு மட்டுமே சொல்கிறது. தலை சாய்கிறது, ஆனால் பெரும்பாலும் திரும்புவதில்லை. வழிபட வந்தவரின் கண்களைக் கண்கள் சந்தித்தாக வேண்டும். இதை யார் யாரிடமிருந்து கற்றார்கள் என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. மொகஞ்சதாரோவில் 1926-இல் கிடைத்த, பத்தரை சென்டிமீட்டர் உயரமே உள்ள செப்புப் பெண் உருவம் நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே வலக்கையை இடுப்பில் ஊன்றி, ஒரு முழங்காலைத் தளர்த்தி நிற்கிறது. அதுவும் மெழுகு வார்ப்புதான்.

பிற்காலத் திருமேனிகள் பலவற்றில் வளைவு எஞ்சியிருக்கிறது, பாரம் காணாமற்போய்விட்டது. முழங்கால் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். ஆனால் மறுபக்க இடுப்பு ஏறியிருக்காது. தோள்கள் இரண்டும் மட்டமாக இருக்க, நடுவில் இடுப்பு மட்டும் ஒரு பக்கம் ஒடிந்ததுபோல் தெரியும். திரிபங்கம் என்ற பெயரைக் காப்பாற்றி, அதன் காரணத்தை விட்டுவிட்ட வேலை அது. இதைச் சோதிக்க எளிய வழி, திருமேனியின் பின்னால் போய்ப் பார்ப்பது. சோழர் காலத்தவர்கள் முதுகையும் முழுமையாகச் செய்தார்கள். முதுகுத்தண்டின் பள்ளம் பிடரியிலிருந்து தொடங்கி மெல்ல ஒரு புறம் வளைந்து, இடுப்பில் மறுபுறம் திரும்பி இறங்கும். பின்பக்க இடுப்பின் இரு மேடுகளில் ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் இருக்கும். முன்புறத்தில் நகையும் ஆடையும் எதை வேண்டுமானாலும் மறைக்கும். முதுகில் மறைக்க எதுவுமில்லை. அருங்காட்சியகங்கள் திருமேனிகளைச் சுவரோரம் ஒட்டி வைக்கும்போது எனக்கு உண்டாகும் வருத்தம் இதனால்தான். நான்கு புறமும் நடந்து பார்க்கும்படி வைத்தால் குழந்தைகளுக்குக்கூட யாரும் விளக்காமல் இது புரிந்துவிடும்.

கோயிலில் நிலைமை வேறு. பட்டும் மாலையும் நகையும் சாத்திய அலங்காரத்தில் நமக்குத் தெரிவது முகமும் கைகளும் பாதங்களும் மட்டுமே. ஒசிவு முழுவதும் துணிக்குள் இருக்கிறது. வீதியுலாவில் பாதந்தாங்கிகளின் தோள் ஏறி இறங்கும் தாளத்துக்குத் திருமேனி அசையும்போது, துணிக்குள் இருக்கும் வளைவு அந்த அசைவோடு சேர்ந்துகொள்வதை உணர முடிகிறது, காண முடிவதில்லை. காண வேண்டுமானால் திருமஞ்சனத்துக்குப் போக வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோயில் ஒன்றில் மண்டபத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். ஒற்றை வெள்ளைத் துணியோடு அம்பாள் நிற்க, குருக்கள் உச்சியில் பாலை ஊற்றுகிறார். பால் மகுடத்திலிருந்து கழுத்துக்கு இறங்கி, உயர்ந்த தோளைத் தவிர்த்துத் தாழ்ந்த தோளின் பக்கமாக வழிந்து, மார்பைக் கடந்து, இடுப்பின் குழிவில் ஒரு கணம் தயங்கித் திசை மாறுகிறது. தொங்கும் இடக்கையின் வழியே வந்த இழை மட்டும் எங்கும் தயங்காமல் விரல் நுனிக்கு வந்து, சொட்டுச் சொட்டாகப் பீடத்தின் தாமரை இதழில் நேராக விழுகிறது.